தீவனச் சேர்க்கை போட்டும் கோழிக்கு நோய் விடவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

கொட்டகையில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் கை தேடுவது புதுப் பாக்கெட் ஒன்றைத்தான். புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்), வைட்டமின் ஈ, ஈஸ்ட் சுவர், மூலிகைப் பொடி, அமிலக் கலவை என்று வரிசையாக வாங்கிப் போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அதே தும்மல், தரையில் அதே ஈரக் கூளம், அதே சாவுக் கணக்கு. நானும் அப்படிப் பல பேட்ச் ஓட்டியிருக்கிறேன். இப்போது முறையை மாற்றிவிட்டேன். அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போய், போட்ட சேர்க்கை எந்த இடத்தில் வீணாகிறது, இல்லை சேர்க்கையால் தீரவே தீராத காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பாக்கெட்டைத் தொடுகிறேன்.

தொடங்கும் முன் சில சாமான்கள் கையில் இருக்கட்டும்: கிராம் காட்டும் தராசு, தண்ணீரில் குளோரினும் பிஎச்சும் பார்க்கும் சோதனைத் தாள், தீவன மூட்டையில் தைத்திருக்கும் லேபிள், தடுப்பூசி போட்ட தேதிகள், தினமும் எழுதிய தீவனம், தண்ணீர், சாவுக் கணக்கு. அன்றைக்கு இறந்த கோழியை அறுத்துப் பார்த்துச் சொல்ல ஒரு கால்நடை மருத்துவரும் வேண்டும்.

ஒரே நாளில் சாவு பல மடங்கு ஏறினால்

இந்த வழிமுறையை மூடி வைத்துவிடுங்கள். கொண்டை நீலம் பாய்வது, தலை வீங்குவது, தீவனமும் தண்ணீரும் ஒரே நேரத்தில் விழுவது, கொத்துக் கொத்தாகச் சாவது, இவற்றில் எது தெரிந்தாலும் பறவைக் காய்ச்சலோ வெள்ளைக்கழிச்சலோ (ராணிக்கெட் நோய்) இருக்கலாம். இதை எந்தச் சேர்க்கையும் தடுக்காது. கோழியையும் கூளத்தையும் வெளியே நகர்த்தாமல், வேறு கொட்டகைக்கு ஆள் போகாமல் நிறுத்தி, அரசுக் கால்நடைத் துறைக்கு உடனே சொல்லுங்கள்.

சேர்க்கை போட்டு வாரக்கணக்கில் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பொருள் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், அந்தப் பொருள் கோழியின் குடலுக்குள் உயிரோடு, சரியான அளவில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

அளவிலிருந்து தொடங்குவோம். லேபிளில் ஒரு டன்னுக்கு 500 கிராம் என்று இருந்தால் 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம். இதைக் கரண்டியால் அள்ளிப் போடுபவர்கள் நிறைய. ஒரே கரண்டியில் ஈஸ்ட் பொடி ஒரு எடை, தாதுப் பொடி அதைவிடக் கனமான இன்னொரு எடை, அதனால் ஒரு தடவையாவது தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம் அந்த 25 கிராமை நேராக மூட்டை மேல் தூவிக் கிளறினால் பாதிக் கோழிக்கு இரண்டு பங்கு, மீதிக்கு ஒன்றுமில்லை. முதலில் ஒரு கிலோ தீவனத்தோடு கையால் நன்றாகக் கலந்து, அதை ஐந்து கிலோவோடு கலந்து, அதன்பிறகுதான் முழு மூட்டையோடு கலக்க வேண்டும். பெரிய கலவை எந்திரம் வைத்திருப்பவர்களும் எட்டு பத்து இடத்தில் மாதிரி எடுத்து ஒரே மாதிரி கலந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது. இந்த மாதிரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகின்றன என்று காட்டும் வேறுபாட்டுக் கெழு 10 சதவீதத்துக்குள் இருந்தால் கலவை சரி.

புரோபயாடிக் என்றால் உயிருள்ள நுண்ணுயிர் எத்தனை போகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். ஒரு கிராமில் 100 கோடி என்று லேபிள் சொன்னால், டன்னுக்கு 500 கிராம் போடும்போது ஒரு கிராம் தீவனத்துக்கு வருவது 5 லட்சம். பத்து மடங்கு மலிவான பாக்கெட்டில் அந்த எண்ணிக்கையும் பத்தில் ஒன்றாக இருந்தால் நீங்கள் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை, கோழிக்குப் போகவேண்டியதைக் குறைத்திருக்கிறீர்கள்.

அடுத்து சூடு. பெல்லட் தீவனம் (அழுத்திக் குச்சியாக்கிய தீவனம்) தயாராகும்போது நீராவியில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். பூச்சுப் போடாத லாக்டோபாசில்லஸ் அந்தச் சூட்டில் தப்பிப்பது அரிது. பாசில்லஸ் சப்டிலிஸ், பாசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்றவை வித்து (ஸ்போர்) நிலையில் இருப்பதால் தாங்கும். ஆகவே பெல்லட்டுக்குள் போட வேண்டுமென்றால் பாசில்லஸ் வகை, லாக்டோபாசில்லஸ் என்றால் தண்ணீர் வழியாக. தண்ணீர் வழியாகப் போனால் அங்கே குளோரின் நிற்கிறது. கிருமி கொல்லத்தான் குளோரின் போடுகிறோம், அது நல்ல கிருமி கெட்ட கிருமி பார்க்காது. நோய்க்கு ஆன்டிபயாடிக் ஓடும்போதே புரோபயாடிக் கொடுப்பதும் பெரும்பாலும் வீண்தான். சிகிச்சை முடிந்த மறுநாளிலிருந்து கொடுங்கள்.

தண்ணீரில் கொடுக்கும்போது அளவும் மாறும். மிதமான காலத்தில் கோழி தின்னும் தீவனத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். கிலோ தீவனத்துக்கு ஒரு கிராம் என்றால் லிட்டருக்கு அரை கிராம். வெயிலில் நாலு மடங்குகூடக் குடிக்கும், அப்போது அதே அரை கிராம் கணக்கு இரட்டிப்பு அளவாகிவிடும். வைட்டமினுக்கு இது பெரிய ஆபத்தில்லை என்றாலும் செலினியத்துக்கு ஆபத்து. பிரீமிக்ஸில் (முன்பே கலந்து விற்கும் சத்துப் பொடி) செலினியம், அதன்மேல் செலினியம் ஈஸ்ட், அதற்கும் மேல் தண்ணீரில் ஈ-செலினியம் டானிக் என்று மூன்று வழியிலும் போவதை நான் பார்த்திருக்கிறேன். பொதுவாகத் தீவனத்தில் சேர்ப்பது கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். கிலோவுக்கு 5 மில்லிகிராமை எட்டும்போதே தாய்க்கோழியின் முட்டையில் கரு கெடத் தொடங்கிவிடும். இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள பொருளைக் கண்ணளவில் போடவே கூடாது.

கடைசியாக, வைத்த இடம். வைட்டமின் பிரீமிக்ஸைத் தாது உப்புகளோடும் கோலின் குளோரைடோடும் ஒரே பையில் கலந்து மாதக்கணக்கில் வைத்தால் வைட்டமின் ஏ முதல் பல வைட்டமின்கள் வீரியம் இழந்துவிடும். கோலின் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் தாதுக்கள் வைட்டமினைச் சிதைக்கும். பையைத் திறந்து ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உதிராமல் கட்டியாக நின்றால் அந்தப் பையை நம்ப வேண்டாம். மூன்றையும் தனித்தனியாக வாங்கி, கலக்கும் அன்று ஒன்றுசேர்ப்பதே நல்லது.

தடுப்பூசி ஒழுங்காகப் போட்டும் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு) ஏறவில்லை, அல்லது கோழிக்குக் கோழி ஏறுக்குமாறாக இருக்கிறது

எதிர்ப்புச் சக்தி பற்றிய பேச்சு சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் இது. என் பேட்ச் ஒன்றில் வைட்டமின் ஈயும் பீட்டா குளுக்கனும் (ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் பொருள்) மூலிகைச் சாறும் விடாமல் கொடுத்தும், தடுப்பூசி போட்டு மூன்று வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒரு கோழிக்கு நல்ல அளவு, பக்கத்துக் கோழிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சேர்க்கையை மாற்றலாம் என்று இருந்தபோது தொட்டித் தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன், நிறம் ஏறிவிட்டது. தடுப்பூசி கொடுத்த அன்றும் வழக்கம்போலக் காலையில் குளோரின் ஊற்றப்பட்டிருந்தது. குழாய் முனையில், கடைசி வரிசையில் குளோரின் குறைந்த இடத்தில் குடித்த கோழிக்கு மட்டும்தான் தடுப்பூசி உயிரோடு போயிருக்கிறது. மற்றதெல்லாம் செத்த வைரஸ் கலந்த தண்ணீர்.

ஆகவே உயிர்த் தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுப்பதாக இருந்தால், முந்தைய 24 மணி நேரத்திலிருந்து, முடிந்தால் 48 மணி நேரத்திலிருந்தே குளோரின், அமிலக் கலவை, குழாய் கழுவும் மருந்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கொடுத்த பிறகும் ஒரு நாள் நிறுத்தியே வையுங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பொடியைக் கலந்து இருபது முப்பது நிமிடம் விட்டு, அதன்பிறகு தடுப்பூசியைக் கலந்தால் மிச்சமிருக்கும் குளோரின் அதைத் தொடாது. இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவு தண்ணீர் போதும். குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் வந்ததா என்பதையும் கேளுங்கள்.

தண்ணீர் சரி, குளிர்ச்சி சரி, இருந்தும் டைட்டர் இல்லையென்றால் கோழியின் உள்ளே பார்க்க வேண்டும். பர்சா என்ற சிறு உறுப்பு எச்சத்துவாரத்துக்கு மேலே, முதுகுப் பக்கமாக இருக்கிறது. 1956-ல் புரூஸ் கிளிக்கும் திமோதி சாங்கும் அதை நீக்கிய கோழிகள் எதிர்ப்பொருள் உண்டாக்க முடியாமல் போவதைக் காட்டினார்கள். எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்லின் பெயரே அந்த உறுப்பின் முதல் எழுத்திலிருந்து வந்ததுதான். நாலு வாரக் கறிக்கோழியை அறுக்கும்போது பர்சாவையும் மண்ணீரலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பர்சா மண்ணீரலைவிடச் சிறுத்துத் தொய்ந்திருந்தால் பர்சாவைத் தாக்கும் வைரஸ் நோயான கம்போரோ உள்ளே வந்து போயிருக்கலாம், அல்லது தீவனத்தில் பூஞ்சை நச்சு இருக்கலாம். தொழிற்சாலையே இடிந்த பிறகு மூலப்பொருளை மட்டும் கொட்டிப் பயனில்லை என்பதால் இங்கே வேலை கம்போரோ தடுப்பூசி அட்டவணையில்தான் இருக்கிறது. குஞ்சுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அதிகமாக இருக்கும்போது தடுப்பூசியைச் சீக்கிரம் கொடுத்தால் அந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியையே அடக்கிவிடும், தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும். குஞ்சின் ரத்தத்தைச் சோதித்து நாள் குறிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே சேர்க்கை வேலை செய்யும். குறைபாடு வராமல் இருக்கத் தேவையான வைட்டமின் ஈ கிலோ தீவனத்துக்கு 10 சர்வதேச அலகுதான், ஆனால் எதிர்ப்புச் சக்திக்காக அதைப் பல மடங்கு உயர்த்திக் கொடுப்பது வழக்கம். துத்தநாகம் குறைந்தால் கழுத்திலிருக்கும் எதிர்ப்புச் சக்தி உறுப்பான தைமஸ் சுருங்கும், துத்தநாகம் கிலோவுக்கு 80 மில்லிகிராம் அளவில் இருக்கட்டும். பீட்டா குளுக்கன் போன்றவற்றைத் தடுப்பூசிக்குச் சில நாள் முன்பிருந்து தொடங்கலாம், அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

எச்சம் நீர்க்கிறது, கூளம் ஈரமாகிறது

கூளத்தில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். உடனே குடல் சேர்க்கை வாங்காமல், குடிநீர் நிப்பிள் ஒழுகுகிறதா, உயரம் சரியா, தீவனத்தில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியென்றால் எச்சத்தைப் பாருங்கள்.

ரத்தம் கலந்திருந்தால், அறுத்த கோழியின் குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் நிரம்பிக் கருத்திருந்தால், அது ரத்தக்கழிச்சல், எய்மீரியா டெனெல்லா என்ற ஒட்டுண்ணியின் வேலை. இதற்கு மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதிக்கொடுத்தால் அந்த நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கை நிறுத்திவிடுங்கள். கோழி சோர்ந்திருக்கிறதே என்று பாசத்தோடு டானிக்கும் சேர்த்து ஊற்றுகிறார்கள். ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 போல நடித்து ஒட்டுண்ணிக்கு அந்த வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் அதைக் கொல்கிறது, பி1-ஐ நீங்களே கூடுதலாகக் கொடுத்தால் மருந்து தோற்றுப்போகும். சிகிச்சை முடிந்ததும் டானிக் கொடுங்கள், அப்போது தேவையும் இருக்கும். ரத்தக்கழிச்சலுக்கு உயிர்த் தடுப்பூசி போட்ட பேட்சுக்கு, அதே ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து கலந்த தீவனம் வரக்கூடாது. தீவன லேபிளைப் படிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ரத்தமில்லாமல், ஆரஞ்சு நிறச் சளியோடு, செரிக்காத தீவனத் துணுக்குகளோடு எச்சம் வந்தால் குடல் சுவர் அடிபட்டிருக்கிறது. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் பெருகும் சூழ்நிலை இது. கோதுமையும் பார்லியும் அதிகமுள்ள தீவனம், மீன் தூள் கூடுதலான தீவனம், முன்பே ரத்தக்கழிச்சல் தொட்டுப்போன குடல் என்று மூன்றும் இதற்கு வழிவிடும். சைலனேஸ் நொதி கோதுமையின் பிசுபிசுப்பைக் குறைக்கும், பியூட்டிரிக் அமிலம் குடல் செல்களுக்கு நேரடி உணவு, ஈஸ்ட் சுவரிலிருக்கும் மேனன் சர்க்கரை ஈ.கோலை போன்ற கிருமிகள் குடலில் ஒட்டுவதற்குப் பதிலாகத் தன்மேல் ஒட்டிக்கொள்ள வைக்கும். என் அனுபவத்தில் இந்த மூன்றும் நன்றாகக் கைகொடுக்கின்றன, ஆனால் தடுப்பாகத்தான். குடல் கிழிந்து சாவு தொடங்கிய பிறகு இவற்றை நம்பி இருக்காதீர்கள், மருத்துவம் வேண்டும்.

குடிநீரில் அமிலம் சேர்ப்பவர்கள் பிஎச் 4-க்குக் கீழே இறக்க வேண்டாம், கோழி குடிப்பதைக் குறைத்துவிடும்.

நல்ல கிருமியைக் கொடுக்கச் சரியான நாள் முதல் நாள். 1973-ல் ஃபின்லாந்தைச் சேர்ந்த நூர்மியும் ரான்டலாவும் வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, சால்மொனெல்லா அவற்றில் குடியேற முடியாமல் போவதைக் காட்டினார்கள். முதலில் வந்து உட்கார்ந்தவருக்குத்தான் இடம். மூன்றாம் வாரம் கழிச்சல் வந்த பிறகு புரோபயாடிக் தொடங்குவது, எல்லா இடத்திலும் ஆள் உட்கார்ந்த பிறகு பாய் விரிப்பது போலத்தான்.

கோழிகள் சிறிதும் பெரிதுமாக இருக்கின்றன, ஈரல் வெளுத்திருக்கிறது, எது வந்தாலும் தொற்றிக்கொள்கிறது

எனக்கு உடனே சந்தேகம் வருவது பூஞ்சை நச்சின் மேல். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் இறந்தபோது காரணம் தெரியாமல் எக்ஸ் நோய் என்று பெயர் வைத்தார்கள். பிறகு கடலைப் பிண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய சாவு எல்லா இடத்திலும் வராது. சிறு அளவில் தொடர்ந்து போகும்போது கோழி சாவதில்லை, பர்சாவும் தைமஸும் மட்டும் மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும்.

அறுத்துப் பார்த்தால் உறுப்பே சொல்லும். ஈரல் மஞ்சளாக வெளுத்து எளிதில் பிய்ந்தால் அஃப்ளடாக்சின், வாயோரத்திலும் நாக்கிலும் புண் இருந்தால் டி-2 என்ற பூஞ்சை நச்சு, சிறுநீரகம் வீங்கி வெளுத்திருந்தால் ஓக்ராடாக்சின். இதை ஏன் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், பென்டோனைட் களிமண் வகை டாக்சின் பைண்டர் (நச்சைப் பிடித்து வைக்கும் சேர்க்கை) அஃப்ளடாக்சினை நன்றாகப் பிடிக்கும், டி-2-வை ஏறக்குறைய விட்டுவிடும். வாயில் புண்ணோடு இருக்கும் கோழிக்கு வெறும் களிமண்ணை டன்னுக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று ஏற்றிக்கொண்டே போனால் நச்சு அப்படியே இருக்கும்.

பூஞ்சை வாசனை இல்லை என்பதால் நச்சு இல்லை என்று சொல்ல முடியாது, பூஞ்சை செத்த பிறகும் நச்சு தானியத்தில் தங்கும், பெல்லட் சூடும் அதை அழிக்காது. மக்காச்சோளத்தைப் பத்துப் பதினைந்து மூட்டையில், மேல் நடு அடி என்று கைவிட்டு எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி அனுப்புங்கள். நச்சு ஒரே இடத்தில் குவிந்திருக்கும் பொருள் இது, ஒரு மூட்டையில் எடுத்த மாதிரி உங்களை ஏமாற்றும். தானியத்தின் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டினால் வாங்காதீர்கள்.

கழுத்து முறுக்குகிறது, தள்ளாடி விழுகிறது

இதில் அவசரப்பட்டு டானிக் ஊற்றுவது ஆபத்து, ஏனென்றால் பல காரணங்கள் ஒரே மாதிரி தெரியும். வெள்ளைக்கழிச்சலிலும் கழுத்து முறுக்கும், அதோடு மூச்சுத்திணறலும் பச்சை எச்சமும் வரும். அதை முதலில் மருத்துவர் விலக்கட்டும்.

இரண்டு மூன்று வாரக் குஞ்சு, மூச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் கால் இழுத்து ஒருபக்கம் விழுகிறது, தலை பின்னுக்கு வளைகிறது என்றால் வைட்டமின் ஈ குறைவு. தீவன எண்ணெயை முகர்ந்து பாருங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் தீவனத்திலிருக்கும் வைட்டமின் ஈயைத் தின்றுவிடும், நீங்கள் மேலே மேலே சேர்த்தாலும் அது கரைந்துகொண்டேதான் இருக்கும். எண்ணெயை மாற்றுங்கள், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்த எண்ணெயாக வாங்குங்கள். நெஞ்சுக்கும் தொடைக்கும் அடியில் தோல் பச்சை நீலமாக, நீர் கோத்திருந்தால் அதோடு செலினியமும் குறைவு.

இன்னொன்று, இதைத் தவறவிடாதீர்கள். தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் சாலினோமைசின் அல்லது மொனென்சின் இருக்கும்போது மூச்சு நோய்க்கு டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் கோழிகள் கால் நீட்டிப் படுத்து எழ முடியாமல் போகும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. நடந்துவிட்டிருந்தால் இரண்டையும் உடனே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.

வெயில் ஏறியதும் நோய் வருகிறது

வெயிலில் மூச்சு இளைக்கும் கோழி தீவனத்தைக் குறைக்கும், அதோடு சேர்ந்து நீங்கள் தீவனத்தில் போட்ட அத்தனை சேர்க்கையும் குறைகிறது. ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி எதிர்ப்புச் சக்தி உறுப்புகள் சுருங்கும். கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே சிறுநீரகத்தில் செய்துகொள்ளும், வெயிலில் அது போதாமல் போகும், அதனால் கிலோ தீவனத்துக்கு 200 முதல் 250 மில்லிகிராம் சேர்ப்பார்கள். தண்ணீரில் கொடுத்தால் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும், ஆகவே விடியற்காலையில் புதிதாகக் கலந்து, வெயிலுக்கு முன் குடித்து முடிக்கும்படி கொடுங்கள். காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாத கொட்டகையில் இந்தச் செலவைச் செய்யாதீர்கள், அந்தப் பணத்தில் முதலில் மின்விசிறி வாங்குங்கள்.

தும்மல், கண்ணீர், மூடிய கண்

கொட்டகைக்குள் போய்க் கோழியின் உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். நின்ற உயரத்தில் தெரியாத அம்மோனியா அங்கே கண்ணைக் கரிக்கும். 25 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டிய அம்மோனியா மூச்சுக்குழாயிலிருக்கும் நுண்மயிர்களைக் கெடுத்துவிடும், அதன்பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்ததுதான். யூக்கலிப்டஸ், மெந்தால் கலந்த திரவங்கள் மூச்சுக்கு இதமாக இருக்கும், அம்மோனியாவை எடுக்காது. தொண்டையைத் திறந்து பார்த்து உணவுக்குழாயில் வெள்ளை வெள்ளையாக முத்துப் போன்ற புள்ளிகள் இருந்தால் வைட்டமின் ஏ குறைவு, மேலே சொன்ன பிரீமிக்ஸ் பையைப் போய்த் திறந்து பாருங்கள்.

சேர்க்கை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஒரே பேட்சில் நாலு பொருளை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. கொட்டகையை வலையால் இரண்டாகப் பிரித்து, ஒரே குஞ்சு, ஒரே தீவனம், ஒரே தடுப்பூசி, ஒரு பக்கம் மட்டும் அந்தச் சேர்க்கை என்று ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் ஐம்பது கோழி எடை, தினமும் சாவு, ஐந்தாம் வாரம் கால் பாதமும் கூளமும், தடுப்பூசிக்கு மூன்று வாரம் கழித்துப் பக்கத்துக்கு இருபது கோழியாவது ரத்தம். ஒரு பேட்சில் தெரிந்த வித்தியாசம் அடுத்த பேட்சில் பக்கத்தை மாற்றி வைத்தும் தெரிந்தால்தான் நான் அந்தப் பொருளைத் தொடர்ந்து வாங்குகிறேன். ஒவ்வொரு முறை தீவனம் வரும்போதும் அரை கிலோவைக் காற்றுப்புகாத பையில் கட்டி, தேதி எழுதி, அந்தப் பேட்ச் வெளியே போகும்வரை குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள். நடுவில் ஏதாவது தவறினால் ஆய்வகத்துக்கு அனுப்பக் கையில் இருப்பது அந்தப் பை மட்டும்தான்.